எந்தப் பக்கத்தில் நின்றது?

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் நான் வருமான வரி, சிறுவியாபாரக் கணக்கு, ஓய்வூதியம் என்றுதான் பேசுவேன். இன்று வேறு ஒரு கணக்கு. இடையில் படிப்புக் குழம்பிப்போன பிள்ளையை எப்படித் திரும்பத் தூக்கி நிறுத்துவது என்பதே இன்றைய விடயம். நான் ஆசிரியன் அல்லன், கணக்காளன். ஆனால் படிப்புக் குழம்பிய ஒரு மாணவனாக இருந்திருக்கிறேன். படிப்புக் குழம்பிய ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகவும் இருக்கிறேன். இந்த இரண்டிலும் நான் விட்ட பிழைகளைச் சொன்னால் யாரோ ஒருவர் வீட்டில் அது உதவும் என்று நினைக்கிறேன்.

இதைப் பேசவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. போன மாத நிகழ்ச்சி முடிந்து நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது ஒரு தாய் எடுத்தா.

"அண்ணை, என்ர மகனுக்குப் பதினாலு வயசு. வாற வழியில ரண்டு வருசம் போட்டுது. இங்க வயசைப் பாத்து ஒன்பதாம் ஆண்டில விட்டிட்டினம். அவன் ஊரில நிண்டது ஏழாம் வகுப்பில. ஒண்டும் விளங்கேல்லை எண்டு சொல்லுறான். நானும் படிச்சு முடிக்கேல்லை. 2009இல எனக்குப் பதினேழு வயசு, வன்னியில. பிறகு முகாம். நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"

அன்று நான் அந்தத் தங்கச்சிக்குச் சரியான பதில் சொல்லவில்லை. நல்ல ரியூசன் ஒன்று பாருங்கோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அது பிழையான பதில் என்று எனக்கே தெரியும்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் வடமராட்சியைச் சேர்ந்தவன். க.பொ.த. உயர்தர வர்த்தக வகுப்பில் சேர்ந்த புதிதில், 1987 மே 26ஆம் திகதி, ஒப்பரேசன் லிபரேசன் தொடங்கியது. நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். யூலை 29இல் இலங்கை - இந்திய ஒப்பந்தம் வந்தது. ஓகஸ்டில் வகுப்புகள் மெல்லத் திரும்பத் தொடங்கின. எல்லாம் சரி வருகிறது என்று நினைத்தோம். ஒக்டோபர் 10ஆம் திகதி இந்தியப் படையுடன் சண்டை தொடங்கியது. திரும்பவும் எல்லாம் மூடியாயிற்று.

அடுத்த ஆண்டு வகுப்புத் தொடங்கியபோது ஆசிரியர் பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய அவசரத்தில் இருந்தார். விட்ட இடத்தைத் தாண்டி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பரீட்சை காத்திருக்கவில்லை. நானும் தலையை ஆட்டிக்கொண்டு கொப்பியை நிரப்பினேன். முதல் தடவை உயர்தரப் பரீட்சை எழுதியபோது கணக்கீட்டில் சித்தியெய்தவில்லை.

நேயர்களே, இதை நான் இன்றுதான் பகிரங்கமாகச் சொல்கிறேன். கணக்காளன் என்று உங்களுக்குத் தெரிந்த நான் கணக்கீட்டிலேயே பெயில் விட்டவன்.

இரண்டாம் தடவைக்குப் படிக்க ஒரு ரியூட்டரி மாஸ்ரரிடம் போனேன். அவர் எனக்குப் புதிதாக எதையும் படிப்பிக்கவில்லை. "பழைய கொப்பியைக் கொண்டு வா" என்றார். ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினார். நாங்கள் பக்கத்தின் மேல் மூலையில் திகதி போடுவோம். ஓர் இடத்தில் மே 22 என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் ஓகஸ்ட் 17 என்று இருந்தது. அதில் விரலை வைத்துக் கேட்டார்.

"இந்த ரண்டு திகதிக்கும் இடையில என்ன நடந்தது?"

"சேர், ஒப்பரேசன் லிபரேசன்."

"அது ஊருக்கே தெரியும். கொப்பியில என்ன நடந்தது எண்டு கேக்கிறன்."

கொப்பியில் விடுபட்டது சீராக்கங்கள் என்ற பகுதி. அட்டுறு செலவு, முற்கொடுப்பனவு, பெறுமானத் தேய்வு, ஐயக்கடன் ஏற்பாடு. இவை தெரியாமல் பங்குடைமைக் கணக்கும் கம்பனிக் கணக்கும் செய்ய வராது. அது தெரியாமலே நான் ஒரு வருடத்துக்கு மேலாக விடைகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் அவருடைய வீட்டு விறாந்தையில், அதே இடத்தில் விடுபட்டிருந்த இன்னும் இரண்டு பேரையும் என்னையும் வைத்து, ஆறு கிழமை அந்தப் பகுதியை மட்டும் படிப்பித்தார். அதன் பிறகு மிச்சப் பாடங்கள் தன்பாட்டில் விளங்கத் தொடங்கின. இரண்டாம் தடவை சித்தியடைந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படித்தேன்.

எங்கள் தொழிலில் தொங்கற் கணக்கு என்று ஒன்று உண்டு. பரீட்சை மீதியின் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக அந்தக் கணக்கில் போட்டுவிட்டு மேலே வேலையைத் தொடரலாம். அது தவறல்ல. ஆனால் பிழை எங்கே என்று பிறகு தேடிப் பிடித்து அதை மூடவேண்டும். மூடாமல் விட்டால் அடுத்த ஆண்டின் ஆரம்ப மீதியே பிழையாகிவிடும். அதன்மேல் எத்தனை சரியான பதிவு போட்டாலும் கணக்கு ஒத்துவராது. இடையில் படிப்பு விடுபட்ட பிள்ளைக்கு நடப்பதும் இதுதான்.

இவ்வளவும் தெரிந்த நான் என் மகளுக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி, கொரோனாவுக்காக இங்கிலாந்தின் பாடசாலைகள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூடப்பட்டபோது அவள் நான்காம் ஆண்டில் இருந்தாள். யூனில் சில வகுப்புகள் மட்டுமே திறந்தன, அவளுடைய வகுப்பு அதில் இல்லை. செப்டெம்பரில் ஐந்தாம் ஆண்டுக்குப் போனாள். 2021 ஜனவரித் தொடக்கத்தில் திரும்ப மூடி, மார்ச் 8ஆம் திகதி திறந்தார்கள். ஜனவரி மாதம் கணக்காளர்களுக்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 31ஆம் திகதி வரிப் படிவங்களுக்குக் கடைசி நாள். அந்த ஆண்டு பிந்துபவர்களுக்குத் தண்டத்தை பெப்ரவரி 28 வரை விட்டுக்கொடுத்தார்கள், அதனால் வேலையும் அதுவரை இழுபட்டது. குசினி மேசையின் ஒரு பக்கத்தில் நான், மறுபக்கத்தில் காதில் ஹெட்போனுடன் அவள். சத்தம் இல்லாமல் இருந்தாள். சத்தம் இல்லாத பிள்ளை படிக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நான்கு வருடம் கழித்து, ஒன்பதாம் ஆண்டில், கணித அறிக்கை மோசமாக வந்தது. சனிக்கிழமை ஒரு ரியூசன் ஏற்கெனவே இருந்தது. புதன்கிழமைக்கு இன்னொன்று சேர்த்தேன். அடுத்த அறிக்கையும் அப்படியே வந்தது. அன்று இரவு நான் அவளுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். உங்களில் பல பேர் அதே பிரசங்கத்தை வைத்திருப்பீர்கள். "நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில படிச்சனாங்கள். மண்ணெண்ணெய் இல்லை, பேப்பர் இல்லை, மேல பொம்மர் சுத்தும். உனக்கு எல்லாம் இருக்கு. ஏன் முடியேல்லை?"

அவள் அழவில்லை. "அப்பா, நீங்கள் ஒருநாளும் பெயில் விடேல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"அப்ப நான்தான் மொக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

நேயர்களே, நாங்கள் விளக்கில் படித்ததும் பொம்மருக்கு ஓடியதும் உண்மை. அதை எங்கள் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதையில் பாதியை நாங்கள் மறைக்கிறோம். என்னுடன் அந்த வகுப்பில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் படிப்பைத் திரும்பத் தொடவே இல்லை. அவர்கள் மொக்கர்கள் அல்லர். அவர்களுடைய கொப்பியைப் பிரட்டிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை, அவ்வளவுதான். வெற்றி பெற்றவர்களின் கதையை மட்டும் சொன்னால், கேட்கும் பிள்ளை குறை தன்னில்தான் என்று முடிவெடுத்துவிடும்.

அடுத்த நாள் அவளிடம் உண்மையைச் சொன்னேன். கணக்கீட்டில் எனக்கு என்ன கிடைத்தது என்று சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். பிறகு, "என்ன பிழை விட்டனீங்கள்?" என்று கேட்டாள். மாஸ்ரரின் கதையைச் சொன்னேன். "எங்கட கொப்பியையும் பிரட்டிப் பாப்பமா?" என்றேன்.

ஆனால் கொரோனாக் காலத்துக்குக் கொப்பி இல்லை. எல்லாம் கணினியில் நடந்தது. ஆகவே வேறு வழி பார்த்தோம். இங்கே ஆறாம் ஆண்டின் முடிவில் வைக்கும் தேசியப் பரீட்சையின் பழைய வினாத்தாள்களை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதில் முதலாவது கணித வினாத்தாள் வெறும் எண்கணிதம், 40 புள்ளிகள், 30 நிமிடம். இரண்டு வருடத் தாள்களை எடுத்தோம். நேரக் கட்டுப்பாடு இல்லை, புள்ளி போடுவதும் இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரி. பின்னம் வந்த இடமெல்லாம் பிழை அல்லது வெறுமை. நாலில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தாள். பகுதி எண்களைச் சமப்படுத்தவேண்டும் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. அது ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பாடம். ஐந்தாம் ஆண்டில் அதன் அடித்தளம் போடப்படும் காலத்தில்தான் அவள் என் முன்னால் சத்தம் இல்லாமல் இருந்தாள். ஒன்பதாம் ஆண்டில் அதே பின்னத்தை எண்ணுக்குப் பதிலாக எழுத்துப் போட்டு அட்சரகணிதம் என்று கொடுக்கிறார்கள். எப்படி விளங்கும்?

புதன்கிழமை ரியூசனை நிற்பாட்டினேன். சனிக்கிழமை ஆசிரியரிடம் இந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டில் கிழமைக்கு நான்கு இரவு, 20 நிமிடம் மட்டும், கடதாசியை மடித்தும் வெட்டியும் பின்னத்திலிருந்து தொடங்கினோம். பத்துக் கிழமை எடுத்தது. அவள் இப்போது வகுப்பில் முதலாம் பிள்ளை என்று சொல்லமாட்டேன். அடுத்த அறிக்கையில் ஒரு படி ஏறியிருந்தாள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முன்பு "கணக்கு எனக்கு வராது" என்பாள். பிறகு, "அப்பா, இந்தக் கணக்கில மூண்டாவது வரி விளங்கேல்லை" என்று சொல்லத் தொடங்கினாள்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த விடயம் அல்ல. 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி பாகிஸ்தானின் வட பகுதியையும் காஷ்மீரையும் ஒரு பெரிய பூமியதிர்ச்சி தாக்கியது. பாகிஸ்தான் பகுதியில் அதிர்ச்சிக் கோட்டுக்கு அருகே இருந்த பிள்ளைகள் சராசரியாக 14 கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. நான்கு வருடம் கழித்து, 2009இல், ஆய்வாளர்கள் போய்ப் பரிசோதித்தார்கள். வீடுகள் கட்டப்பட்டிருந்தன. பிள்ளைகளின் உயரமும் நிறையும்கூடப் பெரும்பாலும் தேறியிருந்தன. ஆனால் படிப்பில் அந்தப் பிள்ளைகள் ஒன்றரை முதல் இரண்டு வகுப்புகள் வரை பின்தங்கியிருந்தார்கள். விட்டது 14 கிழமைதான். திறந்த பிறகு வகுப்பு அவர்களை விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்ததால் இழப்பு வட்டிக்கு வட்டி ஏறியது.

அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள். ஆரம்பப் பள்ளியாவது முடித்த தாயின் பிள்ளைகள் அப்படிப் பின்தங்கவில்லை. பட்டம் பெற்ற தாய்மார் அல்லர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். எனக்குத் தொலைபேசி எடுத்த தங்கச்சி இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் நினைப்பதைவிட உங்களிடம் கூடப் படிப்பு இருக்கிறது.

சில பேர், "அப்போ ஒரு வகுப்புக் கீழே விட்டால் என்ன?" என்று கேட்பார்கள். அது எல்லாப் பிள்ளைக்கும் மருந்தல்ல. இங்கே கல்வி ஆய்வுகளைத் தொகுக்கும் அமைப்பு, ஒரு வகுப்பைத் திரும்பப் படித்த பிள்ளைகள் சராசரியாக மேலும் பின்தங்கினார்கள் என்று சொல்கிறது. விடுபட்டது ஒரு வருடத்தின் சில பகுதிகள். அதற்காக முழு வருடத்தையும் திரும்பப் படிக்க வைப்பது, ஒரு பிழைக்காக முழுப் பேரேட்டையும் கிழித்துப்போட்டு எழுதுவதைப் போன்றது. அதே அமைப்பு, சிறு குழுவாக வைத்துப் படிப்பித்தால் சராசரியாக நான்கு மாத முன்னேற்றம் வரும் என்கிறது. விறாந்தையில் மூன்று பேரை வைத்துப் படிப்பித்த எங்கள் மாஸ்ரர் இந்த ஆய்வை வாசித்திருக்கமாட்டார்.

இங்கிலாந்து அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2020 யூனில் விடுபட்ட படிப்பை ஈடுசெய்ய 1 பில்லியன் பவுண் அறிவித்தது. அதில் 650 மில்லியன் பாடசாலைகளுக்கு, 350 மில்லியன் தேசிய ரியூசன் திட்டத்துக்கு. மீட்புக்கென்று நியமிக்கப்பட்ட சேர் கெவன் கொலின்ஸ், ஒதுக்கிய பணம் தேவைக்கு மிகவும் போதாது என்று 2021 யூனில் பதவி விலகினார். அந்த ரியூசன் திட்டமும் 2024 ஓகஸ்டுடன் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் படிப்பு முடியவில்லை. அப்போது ஐந்து, ஆறு வயதில் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பள்ளிகள் ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடியிருந்தன. 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் பெரும்பாலும் அந்தந்த ஊரிலுள்ள பெண்களே தன்னார்வலராக மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பித்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில், பிள்ளைகள் இழந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்பில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் ஆய்வு சொன்னது. இழந்ததை மீட்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இனி, வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, கூடுதல் ரியூசன் பிடிக்கும் முன் விடுபட்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள். கொப்பியில் திகதியைப் பாருங்கள். கொப்பி இல்லாவிட்டால் இரண்டு, மூன்று வருடம் கீழேயுள்ள வினாத்தாளைக் கொடுங்கள். அது சோதனை அல்ல, தேடுதல் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு பகுதி. தினமும் 20 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலத்தைவிட நல்லது.

மூன்றாவது, ஊரிலிருந்து வந்த பிள்ளை தமிழில் படித்ததை அழித்துவிட்டுத் தொடங்க வைக்காதீர்கள். பின்னம், மும்மடங்கு, ஒளித்தொகுப்பு என்று தமிழில் தெரிந்தால் விடயம் தெரியும் என்று அர்த்தம். ஆங்கிலச் சொல்தான் தேவை. இரண்டு நிரல் போட்டு, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் என்று ஒரு கொப்பி எழுதச் சொல்லுங்கள். எது தெரியாதது, எது ஆங்கிலத்தில் மட்டும் தெரியாதது என்று அப்போது பிரிந்து தெரியும்.

நான்காவது, பாடசாலைக்குப் போங்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேளுங்கள். எங்கே நின்றான், எத்தனை மாதம் விடுபட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிச் செல்லாதீர்கள். தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்ப்பது எந்தப் பிள்ளைக்கும் கொடுமை. தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

ஐந்தாவது, நீங்கள் விட்ட பிழைகளையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொல்லவேண்டியிருந்த பதில் இதுதான். மகன் ஏழாம் வகுப்பில் நின்றான் என்று உங்களுக்குத் தெரிகிறது. பாதிக் கண்டுபிடிப்பு அது. அவனுடைய ஏழாம் வகுப்பில் எந்தப் பாடம், எந்தப் பக்கம் என்று அவனோடு இருந்து கேளுங்கள். படிப்பிக்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். "இண்டைக்கு எந்த இடம் விளங்கேல்லை?" என்று தினமும் ஒரு கேள்வி கேளுங்கள். அவன் உங்களுக்கு விளங்கப்படுத்தட்டும். நீங்கள் 2009இல் விட்ட பக்கங்களும் அதில் எங்கேயாவது வரும். உங்களுக்கும் இன்னும் வயது இருக்கிறது.

அவ எங்கள் வானொலிக்குத் திரும்ப எடுத்தால் நல்லது. கணக்கு என்றால் சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் நான் ஒதுக்குவேன். இரண்டு, மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் இன்னும் நல்லது. வரும்போது பழைய கொப்பி இருந்தால் கொண்டு வாருங்கள்.